குடலிறக்கம் என்று சொன்ன பொய்

அல்மெரியா
வியாழன், 20 பிப்ரவரி 2003

என் ராசா ஹினேஸுக்கு அம்மா எழுதுவது. நீயும் ஆன்கேயும் சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். நாங்கள் இருவரும் கடவுள் புண்ணியத்தில் எழுந்து நடமாடுகிறோம், அப்பாவுக்கு அந்த வலது முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. இங்கே மூன்று நாளாக மழை, ஆண்டு முழுக்கப் பெய்யாததையெல்லாம் சேர்த்து வைத்துக் கொட்டுகிறது, கூடவே மேற்குக் காற்று வேறு, நம் இரண்டாவது பசுமைக்குடிலின் பிளாஸ்டிக்கை ஒரு மூலையில் கிழித்துவிட்டது. உன் அப்பா அந்த முழங்காலோடு ஏணி வைத்து ஏறப் போனார், ஏ மனுஷா விழுந்து இடுப்பை உடைச்சுக்கிட்டா அள்ளிப் போட இங்க யாரு இருக்கா, இறங்கு கீழன்னு நான் போட்ட சத்தம் உனக்கு ஜெர்மனியிலேயே கேட்டிருக்கும். மழை என்றால் மீகாஸ் கிளறாமல் இருக்க முடியுமா, பூண்டும் காய்ந்த மிளகாயும் நிறையப் போட்டு மாவு உதிரி உதிரியாக வரும்வரை ஒரு மணி நேரம் கிளறினேன், பிறகு பார்த்தால் வாணலி நிறைய இருக்கிறது, சாப்பிட இரண்டு பேர். மிச்சத்தைப் பக்கத்து வீட்டு அராசெலிக்குக் கொடுத்தனுப்பினேன். குடைமிளகாய் இந்த முறை பரவாயில்லை. பாதாம் மரம் பூத்துவிட்டது, இந்த மழையில் பாதிப் பூ கொட்டிவிட்டது.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாமே, அம்மா ஏன் காகிதத்தைத் தேடி எடுத்தாள் என்று நீ நினைப்பாய். ஆமாம், மழுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன், மீகாஸையும் பாதாமையும் எழுதிவிட்டால் மற்றதும் தானாக வந்துவிடும் என்று பார்த்தேன், வரவில்லை. போனில் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது மகனே, நீ அம்மா என்னம்மா என்று ஒரு வார்த்தை கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன், அதில் நான் கெட்டிக்காரி என்று உனக்கே தெரியும். முப்பது வருஷமாக மாற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது, ஆன்கே ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்துவிட்டு வந்தாள் என்றாய், கருமுட்டைக்கென்று போட்ட ஊசி ஒத்துக்கொள்ளாமல் வயிறு முழுக்க நீர் கோத்துக்கொண்டது, மூச்சுவிடவே சிரமப்பட்டாள் என்றாய், பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னாய். பிறகு அவளிடம் போனைக் கொடுத்தாய், நீ அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாய் போலிருக்கிறது, அவள் என்ன பேசினாள் என்று உனக்குத் தெரிந்திருக்காது. அந்தப் பெண் நம் பாஷையைத் தட்டுத் தடுமாறிப் பேசுகிறவள், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து, "அம்மா, மன்னிச்சிடுங்க. குழந்தை இன்னும் இல்லை. நான் மறுபடி முயற்சி, அடுத்த மாசம் மறுபடி ஊசி. நீங்க என்மேல கோபம் வேண்டாம்" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? உடம்பைப் பார்த்துக்கோம்மா, சூப் வைத்துக் குடி என்றேன். சூப். போனை வைத்துவிட்டுச் சமையலறையில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள் ஹினேஸ், அவள் என்னிடம் கேட்கிறாள்.

இனிமேல் சுற்றி வளைக்கப் போவதில்லை. உனக்கு ஆறு வயது முடிந்து கிரனாதாவில் பெரிய ஆஸ்பத்திரியில் செய்த ஆபரேஷன் குடலிறக்கத்துக்கு இல்லை. உனக்குக் குடலிறக்கம் வந்ததே இல்லை. நீ பிறந்தபோது உன் விரை இரண்டும் பைக்கு வந்து சேராமல் மேலே வயிற்றுக்குள்ளேயே தங்கியிருந்தன. அதைக் கீழே இறக்கி வைப்பதற்குத்தான் இரண்டு பக்கமும் கத்தி வைத்தார்கள், அந்த இரண்டு தழும்பும் அதனால் வந்தவைதான். இந்த வார்த்தையை நான் இதுவரை யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை, உன் அப்பாவிடம்கூட "அது" என்றுதான் சொல்வேன். இப்போது எழுதிவிட்டேன்.

நீ பிறந்த அன்றைக்கே மருத்துவச்சி தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "ரெண்டும் மேலயே நின்னுட்டிருக்கு, சில பிள்ளைங்களுக்குத் தானா இறங்கிடும், இறங்கலேன்னா டாக்டர்கிட்டக் காட்டுங்க" என்று. தானா இறங்கிடும் என்ற பாதியை மட்டும் பிடித்துக்கொண்டோம். ஒரு வருஷம் பார்த்தோம், இரண்டு வருஷம் பார்த்தோம். என் மாமியார் ஆங்குஸ்தியாஸ் உன்னைக் குளிப்பாட்ட வேறு யாரையும் விட மாட்டாள், வீட்டுக்கு யார் வந்தாலும் உனக்கு நிக்கரை மாட்டிவிடுவாள், வெயிலில் மற்ற பிள்ளைகள் அம்மணமாகக் குட்டையில் குதிக்கும், நீ நிக்கரோடு நிற்பாய். கடைசியில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பார்க்க வந்த டாக்டர் சத்தம் போட்டு கிரனாதாவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தபோது, அங்கே அந்த அறுவை டாக்டர் எங்களைப் பார்த்து ஏன் இத்தனை தாமதம் என்றுதான் முதலில் கேட்டார். ஆபரேஷன் முடிந்து எங்களை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார், வலது பக்கம் சரியாக வந்துவிட்டது, இடது பக்கத்தது சின்னதாகச் சுருங்கிக் கிடக்கிறது, இவனுக்குப் பிள்ளை பிறக்கும் என்றும் நான் சொல்ல மாட்டேன் பிறக்காது என்றும் சொல்ல மாட்டேன், வளர்ந்து கல்யாணம் ஆகிறபோது பரிசோதனை செய்யட்டும், அதைவிட முக்கியம், வயது வந்ததும் அவனே மாதம் ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொள்ளட்டும், இப்படிப்பட்டவர்களுக்கு அங்கே கட்டி வர மற்றவர்களைவிட வாய்ப்பு கொஞ்சம் அதிகம், அவனிடம் நீங்கள் சொல்லியாக வேண்டும் என்றார். அவர் எழுதிக் கொடுத்த தாளை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். மாதா படச் சட்டத்துக்குப் பின்னால் இருபத்தைந்து வருஷம் இருந்தது, ஒரு ஓரம் பழுப்பேறிவிட்டது, எழுத்து நன்றாகத் தெரிகிறது.

நாங்கள் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போதே மாமியார் முடிவு பண்ணிவிட்டாள். "ஊருக்குள்ள எவளாவது என் பேரனை அரை ஆம்பளைன்னு சொல்லட்டும், நாக்கை இழுத்து வச்சு அறுத்துடுவேன். குடலிறக்கம்னு சொல்லு. எல்லா வீட்டுலயும் வர்றதுதான், எவளும் ரெண்டாவது கேள்வி கேட்க மாட்டா." ஆபரேஷனுக்கு முந்தின கோடையில் நீ அப்பாவுக்குப் பலத்தைக் காட்டுகிறேன் பேர்வழி என்று ஒரு பெரிய தர்பூசணியைத் தூக்கப் போய்க் குப்புற விழுந்தாய், விழுந்து நீயே சிரித்தாய், நடந்தது அவ்வளவுதான். அதை எடுத்து நாங்கள் கதை கட்டினோம், பழத்தைத் தூக்கினான் குடல் இறங்கிவிட்டது என்று. ஊரே நம்பியது. நீயும் நம்பினாய். தர்பூசணிக் காலம் வந்தாலே பயல்கள் உன்னை ஏய் தர்பூசணி, பார்த்துத் தூக்கு, குடல் விழுந்துடும் என்பார்கள், நீயும் சேர்ந்து சிரிப்பாய், நானும் சிரித்தேன். ஆன்கேயிடமும் அதைச் சொல்லி அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள் என்று நீ சொன்னபோதும் நான் வாயை மூடிக்கொண்டேன். இறங்காததை இறங்கியது என்று சொல்லியிருக்கிறோம் பார், நேர் எதிராக.

அதோடு விட்டேனா. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆன்கேயைப் பார்க்கிற டாக்டரம்மா உன்னையும் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள் என்று நீ போனில் சொன்னாய். உனக்குப் போக விருப்பமில்லை, குரலிலேயே தெரிந்தது. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன்? "உனக்கெதுக்குடா பரிசோதனை, காளை மாதிரி இருக்கே. சின்ன வயசுல குடலிறக்கம் தவிர ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சதில்லைன்னு சொல்லு" என்றேன். நீயும் அப்படியே சொல்லியிருக்கிறாய், இன்றுவரை போகவும் இல்லை. இரண்டு வருஷமாக அந்தப் பெண்ணின் உடம்பில்தான் எல்லாம் தேடுகிறார்கள். கோளாறு எங்கே இருக்கலாம் என்று தெரிந்தவள் இங்கே உட்கார்ந்து மிளகாய் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்துமஸ் விருந்தில் நான் பேசினதும் உனக்கு நினைவிருக்கும். நீ அதை மொழிபெயர்க்காமல் பேச்சை மாற்றினாய். ஆன்கேயின் வயிற்றில் தட்டி, "நான் கல்யாணமான ரெண்டாம் மாசமே உண்டாயிட்டேன். உங்க ஊருக் குளிரு உன் வயித்துக்குள்ள போய் உக்காந்துடுச்சு போல" என்றேன். அவளுக்குப் புரியாது என்று நினைத்தோம். முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள், அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது புரிந்துவிட்டது என்று. தெரிந்தும் இன்னொரு துண்டு ஆட்டுக்கறியை அவள் தட்டில் வைத்தேன், அதுதான் நான் கேட்ட மன்னிப்பு.

இனி இரண்டாவது விஷயம், இது எனக்கே போன மாதம்தான் தெரியும். பக்கத்து வீட்டு அராசெலியின் மகளுக்கு இலையுதிர் காலத்தில் பையன் பிறந்தான் என்று சொன்னேன் அல்லவா, அவனுக்கும் உன்னைப் போலவே. ஆனால் அந்தப் பெண் என்னை மாதிரி இல்லை. சுகாதார நிலைய வராந்தாவில் நாலு பேர் காதுபட, "என் பையனுக்கு விரை இறங்கலை, ஒரு வயசுக்குள்ள ஆபரேஷன் பண்ணிடணுமாம், அப்பத்தான் நல்லதாம்" என்று சளி பிடித்திருக்கிறது என்பது போலச் சொல்கிறாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அராசெலிக்குக் கால் வீங்கியிருந்ததால் பிள்ளையைத் தூக்கிக்கொள்ள நான் கூடப் போயிருந்தேன். அங்கே ஒரு சின்ன வயது டாக்டர் பெண், இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பற்றிக் கணக்கெடுக்கிறாளாம், ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். பிள்ளை வயிற்றில் இருந்தபோது என்ன மாத்திரை சாப்பிட்டாய், எங்கே வேலை, குடிலுக்குள் போனாயா, கணவருக்கு என்ன வேலை. அராசெலியின் மகள் சொன்னாள், எனக்குப் பாக்கிங் கூடத்தில் வேலை, அவர்தான் மருந்தடிப்பார், நான் குடிலுக்குள் காலே வைத்ததில்லை என்று. அந்த டாக்டர் பெண் தலை நிமிராமல் அடுத்த கேள்வி கேட்டாள், "அவர் மருந்தடிச்சிட்டு வர்ற துணியை வீட்டுல யார் துவைக்கிறது?"

பிள்ளை என் கையில் இருந்தது, நழுவவிடாமல் இருந்ததே பெரிது. இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை மகனே.

உனக்குத் தெரியாது, எங்கள் இரண்டு குடும்பமும் மலையிலிருந்து இந்தச் சமவெளிக்கு இறங்கி வந்து அப்போது இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, முதல் குடில் போட்டிருந்தோம், தக்காளி. நான் உண்டானதும் உன் அப்பா என்னைக் குடில் பக்கமே விடவில்லை, "உள்ள ஒரே புழுக்கம், நாத்தம், நீ வரக்கூடாது, பிள்ளைக்கு ஆகாது" என்று வாசலிலேயே மறித்துவிடுவார், என் தங்கைமார்களெல்லாம் மாசமாக இருக்கும்போதும் குனிந்து வேலை பார்த்தார்கள், என்னை மட்டும் ராணி மாதிரி வைத்திருந்தார். அவர் தக்காளிக்கு மருந்து கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போவார். மருந்து என்றுதான் சொல்வோம், இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறோம், விஷம் என்று ஒருநாளும் யார் வாயிலும் வந்ததில்லை. சட்டையும் கால்சட்டையும் நனைந்து, முதுகில் கட்டின டப்பா ஒழுகி, இடுப்புவரை மஞ்சள் கறையோடு வருவார். துணி துவைக்க எனக்குத் தொட்டி இல்லை. மருந்து வந்த தகர டிரம் ஒன்றை நெடுக்காக அறுத்து அவரே எனக்குத் தொட்டி செய்து கொடுத்தார், என் கையைக் கிழித்துவிடக் கூடாது என்று ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து ஓரத்தை அரத்தால் வழவழவென்று தேய்த்தார். அந்தத் தொட்டியில்தான் நாலு மாசம், ஐந்து மாசம் நான் துவைத்தேன், வாரத்துக்கு இரண்டு முறை, வெறும் கையால், கறை போக வேண்டுமே என்று கசக்கிக் கசக்கி. வயிற்றைத் தொட்டியின் விளிம்பில் சாய்த்துக்கொள்வேன், முதுகுக்குச் சுகமாக இருக்கும். ஏப்ரன் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும், அதோடுதான் சமைப்பேன். அந்தத் தண்ணீர் உன்மேல்தான் இருந்தது.

அந்த டாக்டர் பெண்ணிடம் கேட்டேன், முப்பது வருஷத்துக்கு முன்னாடி துவைச்சிருந்தா என்று. அவள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மா, ஒரு பிள்ளையைக் காட்டி இதனாலதான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. இந்த மாதிரி வீடுகள்ல இது கூடுதலா இருக்கான்னுதான் பார்த்துக்கிட்டிருக்கோம். வயித்துல மூணு மாசம் நாலு மாசத்துல அந்த உறுப்பெல்லாம் உருவாகும். எப்படி வளரணும், எங்க போய்ச் சேரணும்னு உடம்புக்குள்ள ஒரு சேதி ஓடும். சில மருந்து, சில மாத்திரையும்தான், அந்தச் சேதியை மாத்திடும். தாய்க்கு ஒண்ணும் தெரியாது, ஒரு தலைவலிகூட வராது." பிறகு என் கையைத் தொட்டு, உங்ககிட்ட யாருமே சொல்லலையே, நீங்க என்ன பண்ணுவீங்க என்றாள். நல்ல பெண். ஆனால் எனக்கு அது ஆறுதலாக இல்லை. துவைத்தது தெரியாமல் செய்தது, சரி. மறைத்தது தெரிந்தேதானே.

உன் அப்பாவிடம் அன்றைக்கே சொன்னேன். நாலாம் நாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "அப்ப நான்தான் அதை முதுகுல சுமந்து வீட்டுக்குக் கொண்டு வந்தேனா" என்றார். நான் சொன்னேன், "நீ கொண்டு வந்தே, நான் துவைச்சேன், ஆளுக்குப் பாதி. தனியா எடுத்துக்கப் பார்க்காதே." அந்தத் தொட்டி இன்னும் கொல்லையில்தான் இருந்தது, ஜெரேனியம் வைத்திருந்தேனே, அதுதான். எழுந்து போய்ச் செடியையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளியே வைத்துவிட்டு, கோடரியால் அதை உடைத்தார். அப்போது அவர் அழுததை நான் பார்க்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார், நீயும் தெரிந்தது போலக் காட்டிக்கொள்ளாதே. உனக்கு எழுதச் சொன்னதும் அவர்தான். "எல்லாத்தையும் எழுது. ஆம்பளைங்கிறது அதுல இல்லைன்னும் எழுது. அவன் அம்மா சொன்னா நம்புவான்" என்றார். எழுதிவிட்டேன்.

இனி நான் சொல்வதைக் கேள். இதைப் படித்த மறுநாளே டாக்டரிடம் போ, இந்தத் தாளைக் காட்டு, சின்ன வயதில் என்ன ஆபரேஷன் என்று கேட்டால் அந்தக் குடலிறக்கம் என்ற வார்த்தை உன் வாயில் வரக் கூடாது. கட்டி ஏதும் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல், பிள்ளை விஷயம் அதற்குப் பிறகு, எனக்கு நீ வேண்டும். உன் பரிசோதனை முடிவு தெரியும்வரை அந்தப் பெண் உடம்பில் இனி ஒரு ஊசி ஏறக் கூடாது என்று அங்கே சொல்லிவிடு. இந்தக் கடிதத்தை அவளுக்கு உன் வாயால் அவள் பாஷையில் படித்துக் காட்டு, கிறிஸ்துமஸ் விருந்தில் நான் பேசின இடத்தைத் தாண்டிப் போய்விடாதே, உன்னை எனக்குத் தெரியும், தாண்டிவிடுவாய். என்மேல் கோபம் வந்தால் கோபப்படு. கொஞ்ச நாள் கூப்பிடாமல் இருக்க வேண்டும் என்று தோன்றினால் இருந்துகொள், நான் தாங்கிக்கொள்வேன், தாங்கத்தான் வேண்டும். இந்த ஞாயிறு நீ கூப்பிடும்போது கடிதம் வந்திருக்காது, அன்றைக்கும் நான் மழையைப் பற்றித்தான் பேசுவேன், அதையும் பொறுத்துக்கொள்.

மாதா உங்கள் இருவரையும் தன் மேலாடைக்குள் வைத்துக் காக்கட்டும். அப்பா உன்னை முத்தமிடுகிறார். பாதாமும் நம் வீட்டு இரத்தத் தொத்திறைச்சியும் தனிப் பார்சலில் வருகின்றன, ஆன்கேக்குப் பிடித்த அத்தி அப்பமும் வைத்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று. கடற்கரைப் பக்கம் குடிவந்திருக்கும் அந்த ஜெர்மன்காரக் கிழவியிடம் திங்கட்கிழமை போய், என்னை மன்னித்துவிடு என்பதற்கு அவர்கள் பாஷையில் என்ன என்று கேட்டு வந்தேன். பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிப் பார்க்கிறேன், நாக்கு வளையவே மாட்டேன் என்கிறது, உன் அப்பாகூட இப்போது என்னைவிட நன்றாகச் சொல்கிறார். கடிதம் வந்த பிறகு நீ எந்த ஞாயிறு கூப்பிட்டாலும், நீ பேசாதே, போனை முதலில் அவளிடம் கொடு.

உன் அம்மா
பியேதாத்